டூப்ளே சிலை இருக்கட்டுமா, போகட்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோயிலை இடித்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு நம் புதுச்சேரிக் கடற்கரையில் சிலை எதற்கு? எடுத்துவிட வேண்டியதுதானே, ஐயா?
(வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 1748இல் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார். அந்த அமளியில்தான் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். சம்பா கோயில் என்று நாம் சொல்லும் மாதா தேவாலயத்தை ஒட்டி இருந்த பழைய கோயில் அது. அதை அகற்றச் சொல்லிப் பாதிரிமார் பல காலமாக நெருக்கியும், ஊரார் எதிர்ப்பால் முந்தைய கவர்னர்கள் கைவைக்கவில்லை. டூப்ளே காலத்தில் காரியம் நடந்துவிட்டது.

இதையெல்லாம் நமக்கு எழுதிவைத்தவர் யார்? டூப்ளேயிடமே தலைமை துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி 1761இல் கண்மூடும் காலம்வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் இந்த இடிப்பும் இருக்கிறது. கவர்னரை அண்டிப் பிழைத்த மனிதர், கவர்னர் செய்ததை மூடி மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே பிள்ளையை நான் கும்பிடுகிறேன்.

ஆனாலும் சிலை இருக்கட்டும் என்பேன். அது டூப்ளே தனக்குத் தானே வைத்துக்கொண்டதல்ல. 1742 முதல் 1754 வரை இங்கே கோலோச்சியவரைப் பாரிசுக்குத் திருப்பி அழைத்தார்கள். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் போட்ட சொந்தப் பணம் கைக்கு வராமலே, 1763இல் கடனாளியாகச் செத்தார். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து 1870இல்தான் இங்கே சிலை எழுந்தது. உயிரோடு இருந்தபோது கைவிட்ட நாடு, பிறகு அவரைப் பெருமைக்கு வைத்துக்கொண்டது.

கடற்கரைச் சாலையின் தென்கோடியில், சிறுவர் பூங்கா அருகே சாயங்காலம் போய் நின்று பாருங்கள். 2.88 மீட்டர் உயரச் சிலை. வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பீடத்தின் பக்கத்தில், குழந்தையும் படிக்கிற உயரத்தில், நல்ல தமிழில் ஒரு பலகை வேண்டும். 1746இல் சென்னையைப் பிடித்ததும் இருக்கட்டும், 1748இல் கோயில் இடிந்ததும் இருக்கட்டும், 1754இல் பதவி போனதும் இருக்கட்டும். பார்த்துவிட்டு வருகிறவர்களை ரங்கப்பிள்ளை வீதிக்கும் அனுப்ப வேண்டும். பெரிய மார்க்கெட் பக்கத்தில் பிள்ளையின் வீடு இருக்கிறது. கீழே நம்மூர் மரத்தூண்கள், மாடியில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். அந்தக் காலத்துப் புதுச்சேரியை அந்த ஒரு வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: சென்னைத் தீவுத்திடலில் பழைய கவர்னர் மன்றோ சிலைக் குதிரைக்கு அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லையே, சிற்பி மறந்துவிட்டாரா?
(வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: இல்லை அம்மா. அங்கவடி மட்டுமல்ல, சேணமும் கிடையாது. அதே சிற்பி சான்ட்ரி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நான்காம் ஜார்ஜ் சிலையையும் அப்படித்தான் செய்திருக்கிறார். தெரிந்தே செய்த பாணி அது.

கேள்வி: கடலூரிலும் கவர்னர்கள் இருந்தார்களே, எங்களுக்கு ஏன் ஒரு சிலைகூட இல்லை?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: இருந்தார்கள். 1756இல் ராபர்ட் கிளைவே தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்குக் கவர்னராக வந்தார். சில மாதங்களிலேயே வங்காளத்துக்குக் கிளம்பிவிட்டார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். கிளைவுக்குச் சிலை இல்லை என்று நான் வருந்த மாட்டேன். 1690இல் அந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் ஆங்கிலேயருக்கு என்று பேசி, குண்டை வெடித்தே எல்லை குறித்தார்கள். அந்தக் குண்டு கிராமங்களில் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கெடிலக் கரையில் மிச்சமிருக்கும் அந்தக் கோட்டைச் சுவரையாவது முள் வெட்டிப் பாதுகாக்கச் சொல்லிக் கேளுங்கள். மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.