ரேக்குகளுக்கு நடுவே இடம் மாறிக் காட்டும் டேக்

கேள்வி: எங்கள் கிடங்கின் நான்கு மூலைகளிலும் அல்ட்ரா வைட்பேண்ட் ஆங்கர்களை (ரேடியோ அலையால் தூரம் அளக்கும் நிலையான கருவிகள்) பொருத்தி, ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் அவற்றோடு தொடர்புகொள்ளும் டேக் என்ற சிறு கருவியை வைத்திருக்கிறோம். திறந்த பகுதியில் இருப்பிடம் சரியாகத் தெரிகிறது. உயரமான இரும்பு ரேக்குகளுக்கு நடுவே வண்டி சென்றதும் இரண்டு, மூன்று மீட்டர் விலகிவிடுகிறது. பல அளவீடுகளின் சராசரியை எடுத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தடைக்குப் பின்னால் நேரும் பிழை ஒரே பக்கமாகச் சாய்ந்தது, அதனால்தான் சராசரி உதவவில்லை. இம்முறையில் அலை வந்துசேரும் நேரத்தைக் கொண்டே தூரம் கணக்கிடப்படுகிறது. ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 செ.மீ. கடப்பதால், 10 நானோ நொடித் தாமதமே 3 மீட்டர் பிழையாகிவிடும். இரும்பு நேர் அலையை மறித்துவிடும்போது, எங்கோ பட்டுத் திரும்பிய அலையையே ஆங்கர் முதல் அலையாக எடுத்துக்கொள்கிறது. அப்போது தூரம் கூடுமே தவிரக் குறையாது.

மென்பொருளைத் தொடுமுன் ஆங்கர்களை இடம் மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் மற்ற முயற்சிகள் பாதிப் பலனே தரும். ஒவ்வொரு நடைவழியின் இரு முனைகளிலும், வழியை நீளவாக்கில் தடையின்றிப் பார்க்கும்படி ஓர் ஆங்கர் இருக்கட்டும். இந்த அமைப்பில் குறுக்குத் திசைத் துல்லியம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் வண்டி ரேக்கைத் துளைத்துக்கொண்டு போக முடியாது என்பதால், கிடங்கின் வரைபடத்தைக் கணக்கீட்டில் சேர்த்து அக்குறையை ஈடுகட்டலாம். டேக்கை ஓட்டுநரின் உடலோ வண்டியின் தூக்குச்சட்டமோ மறைக்காதபடி, கூரைச் சட்டத்தின் மேல் உலோகத்திலிருந்து சற்று உயர்த்திப் பொருத்துங்கள்.

அடுத்து, நம்பத்தகாத அளவீடுகளை இனங்காண வேண்டும். பெற்ற மொத்தத் திறனுக்கும் முதல் அலையின் திறனுக்கும் உள்ள வேறுபாடு 6 டெசிபெலுக்குக் குறைவாக இருந்தால் பாதை பெரும்பாலும் திறந்திருக்கிறது என்றும், 10 டெசிபெலைத் தாண்டினால் மறைந்திருக்கக்கூடும் என்றும் டிடபிள்யூ1000 என்ற அல்ட்ரா வைட்பேண்ட் சிப்பின் கையேடு கூறுகிறது. வேறு சிப் என்றால் இந்த எல்லைகளை உங்கள் கிடங்கிலேயே சோதித்து வகுத்துக்கொள்ளுங்கள். ஐயத்துக்குரிய அளவீட்டை அடியோடு நீக்காமல் கணக்கில் அதற்குத் தரும் முக்கியத்துவத்தைக் குறைப்பதே நல்லது. நீக்கினால் மிஞ்சும் ஆங்கர்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்து நிலைமை மோசமாகலாம். கால்மன் வடிகட்டியிலும் (முந்தைய நகர்விலிருந்து கணித்த இருப்பிடத்தைப் புதிய அளவீட்டோடு இணைக்கும் கணக்குமுறை), எதிர்பார்த்ததைவிட நீளமாக வரும் தூரத்தைக் குறைவாக வருவதைவிடக் கூடுதல் சந்தேகத்தோடு நடத்துங்கள். எல்லா ஆங்கர்களும் மறையும் சில நொடிகளைச் சக்கரச் சுழற்சிக் கணக்கும் வண்டி திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப்பும் தாங்கிக்கொள்ளும்.

மாற்றங்களைச் சரிபார்க்கும்போது இறுதி இருப்பிடத்தை மட்டும் பார்க்காதீர்கள். தரையில் டேப்பால் அளந்து குறித்த புள்ளிகளில் வண்டியை நிறுத்தி, ஒவ்வோர் ஆங்கரும் காட்டும் தூரத்தை உண்மைத் தூரத்தோடு தனித்தனியே ஒப்பிட்டால், எந்த ஆங்கரை எந்த ரேக் மறைக்கிறது என்பது தெரிந்துவிடும்.