மாணவர்களின் இயக்கத் திறன்: சிறப்பாசிரியர் பதிலளிக்கிறார்

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள என் ஒன்பது வயது மகனுக்கு ஓராண்டாகச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுத்தந்தும் வரவில்லை.

பதில்: நமக்கு ஒரு வேலையாகத் தெரிவது அவனுக்கு ஐந்து வேலைகள்: பொத்தானைப் பற்றுவது, துளையை அகட்டுவது, விளிம்பைச் சாய்த்து நுழைப்பது, மறுபுறம் கைமாற்றிப் பிடிப்பது, இழுப்பது. இவற்றில் கடைசியிலிருந்து தொடங்குங்கள். பாதி நுழைத்த பொத்தானை இழுப்பதை மட்டும் அவனிடம் விட்டு, அது கைவந்தபின் முந்தைய படியையும் சேர்த்துக்கொண்டே வந்தால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். மேசைமேல் விரித்த சட்டையில் பழகியது, அணிந்த சட்டைக்குத் தானாக வந்துவிடாது. பார்க்கும் கோணமே வேறு. ஆகவே உடை மாற்றும் வேளைகளில், அணிந்தபடியே, சில நிமிடங்கள் பழக்குங்கள்.

கேள்வி: டவுன் நோய்க்குறி உள்ள மாணவிக்குக் குட்டிக்கரணம் பழக்கலாமா?

பதில்: மருத்துவர் அனுமதியின்றிக் கூடாது. இவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிணைப்பு தளர்ந்திருக்கும். கழுத்து வேகமாக மடங்கினால் தண்டுவடம் நசுங்கலாம். கழுத்துவலி, தலைச்சாய்வு, நடைமாற்றம், சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் பயிற்சியை நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறான்.

பதில்: நீளப் பென்சிலை எடுத்துவிட்டுச் சிறு கிரேயான் துண்டு கொடுங்கள், முஷ்டியால் பற்ற நீளம் போதாததால் விரல்நுனிகள் தாமே வேலைக்கு வரும்.

கேள்வி: வலிப்பு மருந்தால் தள்ளாடுகிறாள். அளவைக் குறைக்கலாமா?

பதில்: அது நரம்பியல் மருத்துவரின் முடிவு. நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

கேள்வி: கைமேல் கை வைத்து எழுதவைப்பது தவறு என்று முன்பு சொன்னீர்கள். நான் கையைப் பிடிக்காவிட்டால் என் மாணவன் தொடங்குவதே இல்லையே?

பதில்: தொடுவதை நான் மறுக்கவில்லை, தொட்டபடியே இருந்துவிடுவதைத்தான் மறுக்கிறேன். உங்கள் கை ஓட்டினால் அவன் தசை வெறும் பயணி. இன்று விரல்களைப் பிடித்தால், சில நாளில் மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தோளில் ஒரு தொடுகை என்று பின்வாங்கும் திட்டம் முதல் நாளே உங்களிடம் இருக்க வேண்டும்.

கேள்வி: (அதே ஆசிரியர்) மணிக்கட்டுக்கு வந்ததும் நின்றுவிடுகிறானே?

பதில்: எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? அறிவுறுத்தலை உள்வாங்கி உடலை அசைக்க இம்மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் தேவை. நாமோ இரண்டு நொடியில் பொறுமையிழந்து மறுபடியும் சொல்கிறோம், அவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறான். ஒருமுறை செய்துகாட்டி, மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். வாய் திறக்காமல் எண்ணுவது ஆசிரியர்களுக்கு எளிதன்று. எனக்கும் பல ஆண்டுகள் பிடித்தன.

கேள்வி: எத்தனை மாதத்தில் பலன் தெரியும்?

பதில்: நான்காவது முறையாகக் கேட்கப்படுகிறது. பிள்ளையைப் பார்க்காமல் மாதக் கணக்குச் சொல்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: சமநிலைக்கு டிராம்போலின் நல்லதா?

பதில்: டவுன் நோய்க்குறி உண்டா? உண்டென்றால், கழுத்தைப் பற்றி மேலே எழுதியதை முதலில் படியுங்கள். இல்லையென்றால், தரையில் ஒட்டிய நாடாமேல் நடப்பதிலிருந்து தொடங்குங்கள்.