திடப்படுத்தலுக்கு முன் இந்தக் காரணங்கள் போதுமா?
"பெற்றோர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அதனால் நானும். ஜெபித்தேன், வேலை கிடைத்தது. அடுத்த மாதம் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தைத் தானே சபையில் அறிக்கையிடும் ஆராதனை), இவை போதுமா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆராதனைக்கு முன்பே கேட்டது நல்லது சகோதரரே.

காரணங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் "இது நாளை இல்லாமல் போனால் விசுவாசத்தில் நிற்பேனா?" என்பதற்குப் பதில் எழுதுங்கள். வேலை என்ற காரணம் இங்கேதான் சரியும். ஜெபிக்காதவருக்கும் வேலை கிடைக்கிறதே. அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதால் தேடிவந்தவர்களை யோவான் 6:26-ல் இயேசு நேரடியாகவே கண்டிக்கிறார். நன்றி சொல்ல வேலை போதும், அஸ்திவாரத்துக்குப் போதாது. குடும்பம் விசுவாசம் வந்த வழி; அதில் வெட்கமில்லை, ஆனால் அது சான்றாகாது.

பிறகு 1 கொரிந்தியர் 15:3-8, கூடவே 14-ஆம் வசனம் படியுங்கள். கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் விசுவாசம் வீண் என்று பவுலே எழுதுகிறார். உயிர்த்த கிறிஸ்துவைக் கண்ட கேபா (பேதுரு), பன்னிருவர் (சீடர்கள்), ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு என்று சாட்சிகளை அடுக்குகிறார்; சிலுவை மரணத்துக்குச் சுமார் 25 ஆண்டுகளுக்குள் எழுதிய கடிதம் அது. இந்தச் சாட்சியை நம்புகிறீர்களா என்பதுதான் உங்கள் தாளில் விடுபட்ட வரி.

மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் ஒரே அமர்வில் படியுங்கள், இரண்டு மணி நேரம் போதும். யூடியூப் விவாதங்களை முதலில் பார்த்தால் அடுத்தவர் பதில்தான் மனதில் ஒட்டும். தாளை ஆயரிடம் காட்டுங்கள். தெளியாவிட்டால் அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.