நீரேற்று மின் நிலையங்களை அமைப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

பெரிய சிக்கல் மலைக்குள் இருக்கிறது என்பதே என் கருத்து. காற்றும் வெயிலும் மிகுந்த நேரத்து மின்சாரத்தைக் கொண்டு கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, மாலையில் தேவை கூடும்போது அதையே இறக்கி மின்சாரம் எடுக்கும் முறை நமக்குப் புதிதன்று. ஆனைமலையின் காடம்பாறை நிலையம், தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்களுடன் 1980களின் இறுதியிலேயே அமைந்துவிட்டது.

400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் ஆயிரம் லிட்டர் நீர், இழப்புகள் போக, ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம்தான் தரும். அப்படியானால் 500 மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஓடும்போது நொடிக்குச் சுமார் 140 கன மீட்டர் நீர் மலையைத் துளைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அதற்கான சுரங்கங்களையும், பாறையைக் குடைந்து எந்திரக் கூடத்தையும் அமைக்க வேண்டும். பாறை எங்கே நொறுங்கியிருக்கிறது, எங்கே ஊற்று பீறிடும் என்பதை முன்கூட்டியே துளையிட்டுப் பார்த்தாலும் ஓரளவுதான் அறிய முடியும்.

ஆஸ்திரேலியாவின் ஸ்நோயி 2.0 திட்டத்தைப் பாருங்கள். மேலும் கீழும் நீர்த்தேக்கங்கள் முன்பே இருந்தன. இணைக்கும் சுரங்கங்களும் நிலத்தடி மின் நிலையமும்தான் முதன்மையான வேலை. 2017-இல் 200 கோடி ஆஸ்திரேலிய டாலராக அறிவிக்கப்பட்ட செலவு, 2023-இல் 1,200 கோடி ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்தது. புளோரன்ஸ் என்று பெயரிடப்பட்ட சுரங்கம் தோண்டும் எந்திரம், வேலையைத் தொடங்கிச் சிறிது தூரம் போவதற்குள் 2022-இல் இளகிய மண்ணில் சிக்கிக்கொண்டது. அதற்கு நேர் மேலே தரையே உள்வாங்கிப் பெரும் பள்ளம் விழுந்தது. நீலகிரியில் இருக்கும் அணைகளையே பயன்படுத்தும் குந்தா திட்டமும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது.

தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் கடனுக்கான வட்டி ஏறுகிறது. ஓடத் தொடங்கிய பிறகும், நான்கு யூனிட் செலவழித்து மூன்று யூனிட்டைத்தான் திரும்பப் பெறுகிறோம். எனவே பகல் விலைக்கும் மாலை விலைக்கும் போதிய இடைவெளி இல்லாவிட்டால் முதலீடு திரும்பாது. புதிய அணை வேண்டுமென்றால் நிலமும் காடும் போகின்றன. புதிய அணைகளுடன் திட்டமிடப்பட்ட சில்லஹல்லா நீரேற்று மின் திட்டத்தை நீலகிரி விவசாயிகள் எதிர்ப்பதை வளர்ச்சிக்குத் தடை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் நிலவியல் ஆய்வுக்கு இன்னும் பணமும் காலமும் ஒதுக்க வேண்டும். எதிர்பாராத பாறைநிலைக்கான செலவை யார் ஏற்பது என்பதையும் அப்போதே எழுதி முடித்துவிட வேண்டும்.