பட்டி, பசை, பேனல் கோடு: டாங்க், போர் விமான மாடல் கேள்வி பதில்

1/35 (நிஜத்தின் 35-இல் ஒரு பங்கு அளவு) டாங்குகள், 1/72, 1/48 விமானங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ரிமோட்டில் ஓடும் டாங்க், கப்பல் இரண்டும் என் பக்கம் இல்லை. ஒரு வேண்டுகோள்: கேட்கும் முன் மேலே உள்ள பதில்களை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

புதுக்கை: முதல் கிட், 1/35 டைகர் (ஜெர்மன் டாங்க்). பெட்டியில் பசை இல்லை. ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூ போதுமா அண்ணா?

போதாது. கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதற்கான சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து, இரு பாகங்களையும் ஒன்றாக உருக்கிவிடும். சூப்பர் க்ளூ நடுவில் ஒரு படலமாக நிற்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் ஒரு தட்டு விழுந்தால் விட்டுவிடும்.

நீர்த்த சிமென்ட் (டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்றது) ஒன்று வாங்குங்கள். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இணைப்புக் கோட்டைத் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடிவிடும். பிடித்திருக்கும் விரல் கோட்டின் மேல் இருக்கக் கூடாது. இருந்தால் சிமென்ட் விரலுக்கடியிலும் ஓடி, டரட்டில் (பீரங்கிக் கோபுரத்தில்) உங்கள் ரேகை பதிந்துவிடும். பித்தளை போட்டோ எட்ச் (மெல்லிய தகட்டுப் பாகங்கள்), ரெசின் பாகங்களுக்கு மட்டும் சூப்பர் க்ளூ. கண்ணாடிப் பாகங்களுக்கு இரண்டும் வேண்டாம், வெள்ளைப் பசை.

நீலவானம்: விமான உடலின் இரு பாதிகளை ஒட்டி, பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்தபோது கோடே தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மெல்லிய பள்ளம். ஏன்?

அவசரப்பட்டுத் தேய்த்ததால். சிமென்ட் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் ஊறி உப்பியிருக்கும். கரைப்பான் முழுக்க வெளியேற நாட்கள் ஆகும். உப்பிய நிலையில் சமமாகத் தேய்த்துவிட்டீர்கள். பிறகு அது காய்ந்து சுருங்கியதும் பள்ளம் விழுந்தது. டியூபில் வரும் லேக்கர் பட்டியும் இப்படித்தான் சுருங்கும்.

ஒட்டும்போது இரு பாதிகளையும் அழுத்தி, உருகிய பிளாஸ்டிக் கோடு முழுக்க ஒரு மணிபோலப் பிதுங்க விடுங்கள். குறைந்தது 48 மணி நேரம் தொடாதீர்கள், ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. பிறகு 400, 600, 1000 என்று உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கவும். பெரும்பாலும் பட்டியே தேவைப்படாது. தேவைப்பட்டால் சூப்பர் க்ளூவும் டால்கம் பவுடரும் குழைத்து வையுங்கள், அது சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் போனால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகியிருக்கும். பிளாஸ்டிக் குழியும், பட்டி மேடாகவே நிற்கும்.

குர்ஸ்க்43: குர்ஸ்க் டைகருக்குச் சாம்பல் நிறம்தானே சார்?

இல்லை. அடர்சாம்பல் (ஜெர்மன் நிறப்பட்டியலில் ஆர்.ஏ.எல். 7021) இருந்த இடத்துக்கு 1943 பிப்ரவரியில் அடர்மஞ்சள் (ஆர்.ஏ.எல். 7028) அடிப்படை நிறமாக வந்தது. ரஷ்யாவில் நடந்த குர்ஸ்க் டாங்க் சண்டை அதே ஆண்டு ஜூலையில். மஞ்சள் அடித்து, மேலே பச்சை, பழுப்புத் திட்டுகள்.

இரும்புச்சங்கிலி: டைகரின் டிராக் (சக்கரங்களைச் சுற்றும் சங்கிலிப் பட்டை) ரப்பர் பேண்ட் மாதிரி விறைப்பாக நிற்கிறது. நிஜத்தில் தொய்வாக இருக்குமே?

இருக்கும். ஆனால் எல்லா டாங்கிலும் ஒரே மாதிரி இல்லை. டைகர், பாந்தர், டி-34 மூன்றிலும் மேலே தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. டிராக் நேராகச் சக்கரங்களின் மேலேயே படுத்திருக்கும். ஷெர்மனில் தாங்கு உருளைகள் உண்டு, தொய்வு குறைவு. அதில் டைகர் மாதிரி தொங்கவிட்டால் அபத்தமாக இருக்கும்.

வினைல் டிராக் என்றால், பக்கவாட்டுக் கவசம் மறைக்கும் இடத்தில் உடலில் துளையிட்டு, ஒரு கம்பித் துண்டை டிராக்கின் மேல் செருகிக் கீழே அமுக்கலாம். தனித்தனிக் கண்ணியாக வரும் பிளாஸ்டிக் டிராக் என்றால், ஒரு பக்கத்துக்குத் தேவையானதை டேப்பின் மேல் நேராக அடுக்கி, சிமென்ட் ஓடவிட்டு, அரை மணி போல விட்டுப் பாருங்கள். கண்ணிகள் ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் வளைய வேண்டும். அந்த நிலையில் சக்கரத்தைச் சுற்றிப் போட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் உச்சியிலும் டிராக்கை அமுக்கி, இடைவெளிகளில் பஞ்சைத் திணித்து இரவு முழுக்க விடுங்கள்.

இன்னொன்று: 1944 தொடக்கத்திலிருந்து வந்த டைகர்களில் இரும்பு விளிம்புச் சக்கரங்கள். அவற்றின் ஓரத்தில் ரப்பர் கறுப்பு அடிக்காதீர்கள், அங்கே ரப்பர் வெளியே தெரியாது.

பனித்துளி: டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம்) ஒட்டிய பிறகு அடியில் வெள்ளி மாதிரி பளபளக்கிறது.

அது காற்று. மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் நுண்ணளவில் கரடுமுரடு. டெக்கல் மேடுகளின் மேல் உட்கார, பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்கிறது. டெக்கலுக்கு முன் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் அடித்து ஒரு நாள் விடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து வினாடி முக்கி, வெளியே எடுத்து வைத்து, தானாக நகரும்வரை காத்திருங்கள். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட், ஒட்டிய பின் மேலே மைக்ரோ சால் (இரண்டும் டெக்கலைப் படிய வைக்கும் திரவங்கள்). சால் பட்டதும் டெக்கல் சுருங்கி அசிங்கமாகும். தொடாதீர்கள். காயும்போது தானே படிந்துவிடும். ஏற்கெனவே வெள்ளி பூத்ததை, ஊசியால் நாலைந்து இடத்தில் குத்தி மைக்ரோ சால் வைத்து மீட்கலாம், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. எல்லா டெக்கலும் சாலைத் தாங்காது, தேவையில்லாத ஒரு டெக்கலில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

முதல்படி: எந்தப் பசை வாங்கலாம்?

முதல் பதில்.

வெள்ளிச்சிறகு: 1/48 பி-51டி முஸ்டாங், பெயிண்ட் இல்லாத உலோக நிறத்தில் செய்கிறேன். பேனல் கோடுகளில் (தகடுகள் சேரும் கோடுகளில்) கறுப்பு வாஷ் (நீர்த்த பெயிண்ட்) விட்டால் எடுப்பாக இருக்குமா?

உடலில் மெல்லிய சாம்பல் வாஷ் விடுங்கள். இறக்கையில் வாஷ் வேண்டாம், கோடுகளையே அடையுங்கள்.

முஸ்டாங்கின் இறக்கை காற்றோட்டம் கலையாமல் வழுக்கிப் போக வேண்டிய வகை. அதனால் தொழிற்சாலையிலேயே முன்பகுதியின் இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, இறக்கைக்கு அலுமினிய நிற லேக்கர் அடித்தார்கள். உடல் வெற்று உலோகம், இறக்கை வெள்ளிப் பெயிண்ட். இரண்டும் ஒரே பளபளப்பில் இருந்தால் தவறு.

கோட்டை அடைக்க மிஸ்டர் சர்ஃபேசர் 500 (பள்ளம் நிரப்பும் கெட்டி பிரைமர்). பல் குத்தும் குச்சியால் கோட்டில் மட்டும் விட்டு, ஒரு நாள் காயவிட்டு, 600-இல் தேய்த்து, மறுபடி ஒரு முறை. துப்பாக்கி, தோட்டா அறைக் கதவுகள், எரிபொருள் மூடிகள், ஏலரான், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பாகங்கள்) ஆகியவற்றின் கோடுகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

ரிவெட்எண்ணி: இது கொஞ்சம் அதிகம் சார். இன்று பறக்கும் முஸ்டாங் எதைப் பார்த்தாலும் இறக்கையில் ரிவெட் வரிசை எண்ணலாம். கிட் செய்தவர்கள் அளந்துதானே செய்திருப்பார்கள்?

இன்று பறப்பவை மீட்டெடுத்தவை. பலவற்றில் பட்டியையும் பெயிண்டையும் சுரண்டி எடுத்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருப்பார்கள். கிட்டுக்கு அளவெடுப்பதும் அருங்காட்சியகத்தில் நிற்கும் இப்படிப்பட்ட ஒன்றில்தான் என்றால் ரிவெட்டும் கூடவே வந்துவிடும். 1944, 45 போட்டோக்களில் இறக்கையின் முன்பாதியைப் பாருங்கள்.

ரிவெட்எண்ணி: பார்த்தேன். சிலவற்றில் கோடு தெரிகிறதே.

தெரியும். களத்தில் பட்டி வெடித்து, பெயிண்ட் உதிர்ந்த இடங்களில் இணைப்பு வெளியே வந்திருக்கும். இதை ஒப்புக்கொள்கிறேன்: அப்படி ஒரு குறிப்பிட்ட விமானத்தின் போட்டோவை வைத்துச் செய்கிறீர்கள் என்றால் அந்த இடத்தில் மட்டும் லேசாக விடலாம். ஆனால் கிட்டின் எல்லாக் கோட்டிலும் கறுப்பு விடுவதற்கு அது நியாயம் ஆகாது.

வெள்ளிச்சிறகு: கோடே இல்லாவிட்டால் பொம்மை மாதிரி இருக்காதா?

கணக்குப் போடுங்கள். கிட்டின் கோடு 0.25 மி.மீ. அகலம் என்று வையுங்கள். 48-ஆல் பெருக்கினால் 12 மி.மீ. சுண்டுவிரல் நுழையும் இடைவெளி! இறக்கை முழுக்க அப்படிப் பிளவு இருந்தால் அந்த விமானத்தில் யார் ஏறுவார்? 1/72-இல் அதே கோடு 18 மி.மீ. கறுப்பு வாஷ் அதை இன்னும் அகலமாகக் காட்டும்.

தச்சன்: நான் ரிவெட்எண்ணி பக்கம். மேசையில் அரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம், கொஞ்சம் மிகைப்படுத்தினால்தான் கண்ணுக்கு எட்டும்.

அது ரசனை, அதில் சண்டை இல்லை. உங்கள் மேசை, உங்கள் மாடல். ஆனால் கேட்டது முஸ்டாங் எப்படி இருந்தது என்று. மிகைப்படுத்துவதற்கும் ஒன்று அங்கே இருக்க வேண்டுமே.

சூறாவளி: அப்படியென்றால் ஹரிகேனின் பின்னுடலிலும் கோடு அடைக்கணுமா?

அங்கே இருப்பது துணி. நீளவாக்கில் அடியில் இருக்கும் சட்டங்களின் மேடு மட்டும் லேசாகத் தெரியும். வாஷ் விடாதீர்கள், உலோகம் பெயர்ந்த மாதிரி வெள்ளிச் சிராய்ப்பும் வைக்காதீர்கள். துணியில் எங்கிருந்து வெள்ளி வரும்?

மேகம்72: நிற்கும் முஸ்டாங்கில் ஃபிளாப் கீழே, ஸ்பிட்ஃபயரிலும் கீழே வைக்கலாமா?

முஸ்டாங்கில் வைக்கலாம். எஞ்சின் நின்றபின் ஹைட்ராலிக் அழுத்தம் குறைய, ஃபிளாப்பும் சக்கர அறையின் உள்கதவுகளும் தொங்கிவிடும். ஸ்பிட்ஃபயரில் தரையில் வழக்கமாக மேலேதான்.

ஒற்றைக்கண்: எனாமல் வாஷ் விட்டதும் டாங்கின் சக்கரத் தண்டுகள் இரண்டு தானாக முறிந்தன. மட்டமான பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக்கைக் குறை சொல்லாதீர்கள். விறைப்பில் இருக்கும் பாகத்தில் தின்னர் ஊறினால் பாலிஸ்டைரீன் வெடிக்கும். டிராக் இறுக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, தண்டின் பின்புறம் பெயிண்ட் ஏறவில்லை, நீங்கள் வாஷைக் குளம் கட்ட விட்டீர்கள். மூன்றும் சேர்ந்தால் முறியும். உள்பக்கமும் பிரைமர் ஏற வேண்டும். வாஷை நுனிப் பிரஷ்ஷால் மூலைகளில் மட்டும் வைக்கவும். முறிந்த இடத்தில் 0.5 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டுங்கள்.

தூறல்: ஏர்பிரஷ்ஷில் பெயிண்ட் தயிர் மாதிரி திரிந்துவிட்டது.

வயேஹோ அக்ரிலிக்கில் டாமியா தின்னரை ஊற்றியிருக்கிறீர்கள், சரியா? ஆல்கஹால் பட்டால் அது திரியும். அந்தந்த பெயிண்ட்டுக்கு அதனதன் தின்னர். டாமியா அக்ரிலிக் என்றால் ஒரு பங்கு பெயிண்ட், ஒன்று முதல் இரண்டு பங்கு தின்னர், காற்றழுத்தம் 15–20 பி.எஸ்.ஐ. முதலில் வெறும் ஸ்ப்ருவில் (பாகங்கள் பிணைந்து வரும் சட்டத்தில்) அடித்துப் பாருங்கள். லேக்கர் அடிக்கும்போது கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். துணி முகமூடி ஆவியை நிறுத்தாது.

மூக்கன்: 1/72 மெஸ்ஸர்ஷ்மிட் மீ 262 ஜெட் வால் ஊன்றி உட்காருகிறது. மூக்கில் எடை வைத்தேனே!

போதவில்லை. ஒட்டும் முன் எல்லாவற்றையும் டேப்பால் கட்டி, பின்சக்கர அச்சு வரும் இடத்தில் குச்சியின் மேல் நிறுத்தி, மூக்கு சாயும்வரை எடை சேர்க்க வேண்டும். பிறகு கால் பங்கு கூடுதல், பெயிண்ட்டும் பின்னால் ஒட்டும் சில்லறைப் பாகங்களும் இருக்கின்றனவே. மூடிய பிறகு என்றால் முன்சக்கர அறை வழியாகச் சிறு ஈயக் குண்டுகளைத் தள்ளுங்கள். அவற்றை வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். ஈயம் மெல்ல அரித்து வெண்பொடியாகி உப்பி, சில ஆண்டுகளில் மூக்கையே பிளக்கும். எபாக்ஸி ஊற்றுங்கள்.

கண்ணாடி: டேப்பை எடுத்தால் பெயிண்ட்டும் கூடவே வருகிறது. கேனபிக்கு (விமானி அறைக் கண்ணாடிக்கு) எந்தப் பசை?

இரண்டாவதற்குப் பதில் மேலே, மூன்றாவது முறையாக. சூப்பர் க்ளூவின் ஆவி கேனபியைப் பனி படிந்தது போல வெளுக்கச் செய்துவிடும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது: பாகங்களைக் கழுவவில்லை. அச்சிலிருந்து எளிதாகக் கழல விடும் எண்ணெய் இருக்கும், பாத்திரம் கழுவும் சோப்பில் வெதுவெதுப்பாகக் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், வளைந்துவிடும். பிரைமர் அடியுங்கள். டேப்பை உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பிசினைக் குறைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ரிவெட்எண்ணி: சரி சார், ஒரு இறக்கையில் கோடுகளை அடைத்துப் பார்த்தேன். வெள்ளி அடித்ததும் அடைத்த இடமெல்லாம் கீறல் கீறலாகத் தெரிகிறது.

600-இல் நிறுத்தியிருக்கிறீர்கள். உலோக நிறம் எதையும் மறைக்காது, சாதாரண பெயிண்டில் காணாமல் போகும் கீறலும் தெரியும். வெள்ளியை மேலோட்டமாகத் தேய்த்து எடுங்கள், 1000, 1500, 2000 வரை போங்கள், லேக்கர் பிரைமரை இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்; கோடு இருந்த இடத்தில் ஒளி வளைந்தால் இன்னும் பள்ளம் இருக்கிறது, மறுபடி சர்ஃபேசர். வெள்ளியை ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பார்த்துவிட்டு இறக்கைக்குப் போங்கள். தோட்டா அறைக் கதவின் கோட்டில் சர்ஃபேசர் ஏறியிருந்தால், இப்போதே ஊசியால் ஒரு முறை இழுத்துவிடுங்கள், பிரைமருக்குப் பிறகு இழுத்தால் ஓரம் செதில் செதிலாகப் பெயரும்.