நேர்காணலில் எந்தச் சுற்றில் நிற்கிறார் உங்கள் மகன்?

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, வணக்கம்.

மின்னணுவியல் பொறியியல் முடித்த தங்கள் மகன் சென்னைக்கும் கோவைக்கும் நேர்காணலுக்குச் சென்று வெறுங்கையோடு திரும்புவதையும், இப்போது அழைப்பு வந்தாலே முகம் வாடி அறைக்குள் போய்விடுவதையும் எழுதியிருந்தீர்கள். பயத்தைப் போக்கும் பயிற்சி வகுப்பு எதிலாவது சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்ப்பதற்கு முன், அவர் எந்தச் சுற்றில் வெளியேறுகிறார் என்பது தெரிய வேண்டும். தங்கள் கடிதத்தில் அந்த விவரம் இல்லை. எனக்கு வரும் பெற்றோர் கடிதங்கள் பலவற்றிலும் அது இருப்பதில்லை.

புதிதாகப் பட்டம் பெற்றவர்களை எடுக்கும் நிறுவனங்கள் பொதுவாகக் கணக்கையும் தர்க்கத் திறனையும் சோதிக்கும் ஆப்டிடியூட் தேர்வு, சில இடங்களில் குழு விவாதம், அதன்பின் டெக்னிக்கல் சுற்று, இறுதியில் மனிதவளப் பிரிவினர் நடத்தும் எச்.ஆர். சுற்று என்ற வரிசையில் வடிகட்டுகின்றன. ஆப்டிடியூட்டிலேயே நின்றுவிடுபவர் நேரத்தை அளந்து கணக்குப் போட்டுப் பழக வேண்டியவர்; அவருக்கு மேடைப் பேச்சுப் பயிற்சியால் பயனில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு எதிர்பார்க்கும் நிறுவனம் மதிப்பெண்ணைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கியிருந்தால், அதை நேர்காணல் தோல்வியாகக் கருதவே கூடாது. நேர்காணல் நன்றாக முடிந்த பிறகும், அந்தப் பணியிடத்தை நிறுவனம் நிறுத்திவைத்ததால் பதில் வராமல் போவதுண்டு. 'பிறகு தெரிவிக்கிறோம்' என்று அனுப்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை என்பதால், இவை அனைத்தையும் தன் குறையாகவே அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்கிறார். ஆகவே சென்ற இடம், எட்டிய சுற்று, நினைவில் நிற்கும் கேள்விகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் அவரையே எழுதச் சொல்லுங்கள்.

என் அனுபவத்தில், பயம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி டெக்னிக்கல் சுற்றில் இறுதியாண்டு புராஜெக்டைப் பற்றிக் கேட்கும்போது வெளிப்படுகிறது. புராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கிய ஒன்றைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டிய நிலையில் பலர் இருக்கிறார்கள். மண்ணின் ஈரப்பதத்தை உணர்ந்து மோட்டாரை இயக்கும் கருவி என்று ஒருவர் சொன்னால், 'எந்த அளவில் மோட்டார் நிற்கும்படி வைத்தீர்கள்? அந்த அளவை எப்படி முடிவு செய்தீர்கள்?' என்பதுதான் எதிரில் இருப்பவர் இயல்பாகக் கேட்கும் அடுத்த கேள்வி. இத்தகைய கருவிகளில் பயன்படும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகை சென்சாரின் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகப் படிக்கும். காய்ந்த மண்ணிலும் நனைந்த மண்ணிலும் அந்த எண் எவ்வளவு மாறுகிறது என்று ஒருமுறையாவது கண்ணால் பார்த்தவர், திக்கித் திணறியாவது பதில் சொல்லிவிடுவார். பார்க்காதவருக்கு நாக்கு உலர்ந்துபோகும். மாட்டிக்கொள்வோம் என்பது அவருக்கே தெரியும். இந்தப் பயம் நியாயமானது, எந்த மூச்சுப் பயிற்சியும் இதைத் தீர்க்காது. தங்கள் மகனின் நிலை இதுவானால், சென்னை ரிச்சி தெருவில் மின்னணு உதிரிபாகங்களை வாங்கி, வீட்டு மேசையில் அதே புராஜெக்டைத் தன் கையால் மீண்டும் செய்து பார்க்கட்டும். படித்து முடித்தபின் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்ற கேள்விக்கும் அப்போது சொல்வதற்கு ஒன்று இருக்கும்.

எச்.ஆர். சுற்றில் தடுமாறுபவர்களின் சிக்கல் வேறு. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தியை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். மூன்றாவது வாக்கியத்தில் எதிரில் இருப்பவர் குறுக்கிட்டு, 'ஊர் விருதுநகரா? அங்கே என்ன தொழில் அதிகம்?' என்று நட்பாகக் கேட்டாலும், விட்ட இடம் நினைவுக்கு வராமல் முதலிலிருந்து தொடங்கவும் முடியாமல் உறைந்து நின்றுவிடுகிறார்கள். மனப்பாடத்திற்குப் பதிலாக, படிப்பு, செய்த வேலை, இந்தப் பணியை விரும்பும் காரணம் என்று சில குறிப்புகளை மட்டும் மனத்தில் இருத்தி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். கேட்பவர் கட்டாயம் நடுவில் குறுக்கிட வேண்டும். கண்ணாடி குறுக்கிடாது, வீட்டாரோ இரக்கப்பட்டுக் குறுக்கிட மாட்டார்கள்; ஆகவே கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலர், தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் போன்ற சற்று அந்நியமான ஒருவரே இதற்கு ஏற்றவர். ஆங்கிலம் இலக்கணப் பிழையோடு வந்தாலும் பரவாயில்லை. சிறு வாக்கியங்களில் பேசுவதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும், யோசிக்கச் சில நொடி அவகாசம் கேட்பதும் மரியாதைக் குறைவு ஆகமாட்டா.

இத்தனை ஆயத்தத்திற்குப் பிறகும் உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அது அட்ரினலின் என்ற ஹார்மோன் செய்யும் வேலை. அதை முழுவதும் அடக்க முயல வேண்டியதில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமான நேரத்தில் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகப் பேசினார்கள் என்று கண்டறிந்தார். அழைப்புக்காகக் காத்திருக்கும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது படபடப்பைச் சற்றுத் தணிக்கும். விடிய விடியப் பேருந்தில் வந்து இறங்கி நேராக நேர்காணலுக்குப் போவதை மட்டும், இயன்றவரை தவிர்க்கச் சொல்லுங்கள்.

இனித் தங்களுக்கு ஒரு வேண்டுகோள். நேர்காணல் முடிந்து வாசலைத் தாண்டுவதற்குள் 'என்ன ஆச்சு, கிடைச்சிடுமா?' என்று அலைபேசியில் கேட்காதீர்கள். அந்த நிமிடத்தில் அவருக்கே விடை தெரியாது. மாலையில், 'என்னவெல்லாம் கேட்டார்கள்?' என்று கேளுங்கள், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும். அத்தை மகனின் சம்பளக் கணக்கை வீட்டில் பேசுவதைச் சில மாதங்களுக்கு ஒத்திவையுங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்து, இனி எதற்கும் பயனில்லை என்பது போல அவர் பேசத் தொடங்கினால், வேலைப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவ உதவியை நாடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நேர்காணலே இல்லாத வழிகளும் உண்டு. மத்திய அரசின் குரூப் சி, கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் இல்லை, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பணிகளுக்கும் எழுத்துத் தேர்வுதான், நேர்காணல் இல்லை. அவற்றில் உண்மையான விருப்பம் இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். நேர்காணலிலிருந்து தப்புவதற்காக மட்டும் அந்தப் பக்கம் போவதை நான் ஆதரிக்க மாட்டேன், போட்டி அங்கே இன்னும் கடுமை. அதைவிட, தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாகப் பட்டதாரிகளுக்கான ஓராண்டுத் தொழிற்பழகுநர் (அப்ரன்டிஸ்) பயிற்சிக்கு முயல்வது நல்லது. உதவித்தொகையும் அனுபவமும் கிடைக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போகட்டும். பிடித்த நிறுவனத்தின் நேர்காணலில் முதன்முறையாகப் பழகுவதைவிட அங்கே பழகுவது மேல்.

கடிதத்தின் இறுதியில், 'பேக்டோர்', அதாவது முறையான தேர்வு இல்லாத பின்வாசல் வழியாக வேலை வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி முன்பணம் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். வேலை தருவதற்கு நேர்மையான நிறுவனம் எதுவும் பணம் கேட்காது. இப்படித் துவண்டிருக்கும் குடும்பங்களைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள். பணம் கொடுக்காதீர்கள், மகனின் அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்காதீர்கள். ஏற்கெனவே இணையவழியில் ஏதேனும் தொகை அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.