அத்தைக்கு மட்டும் ஏன் பிஸ்கட்?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது 39. என் கணவருக்கு 44. போன மாதப் பரிசோதனையில் அவருக்கு மூன்று மாத சர்க்கரை சராசரி 6.1 வந்தது. அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டையே மாற்றிவிட்டேன். காலையில் ஓட்ஸ், சியா விதை போட்ட ஸ்மூத்தி. இரவில் அவருக்குக் கினோவாவும் சாலட்டும். 14 வயது மகளும் 9 வயது மகனும் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள், அவர்களுக்குத் தனியாகத் தோசை ஊற்றுகிறேன். மாமியாருக்கு 73 வயது, பல் இல்லை, இதெல்லாம் ஒத்துவராது. ராத்திரி டீயில் நாலு பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார், அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை. வேலை முடிந்து வந்து அடுப்படியில் நிற்க எனக்குத் தெம்பு இல்லை. சுலபமாகச் செய்யக்கூடிய, எல்லோருக்கும் பிடிக்கிற ஆரோக்கிய உணவுகள் நாலைந்து சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்தவையாக இருந்தால் இன்னும் நல்லது.

பதில்: சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். ‘எல்லோருக்கும் பிடிக்கிற’ என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த எல்லோரில் உங்கள் அத்தை இருக்கிறாரா?

போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கிருந்து நகர முடியவில்லை. 73 வயது. வாயில் பல் இல்லை. ராத்திரிச் சாப்பாடு டீயும் நாலு பிஸ்கட்டும். அதற்குக் கீழே நீங்கள் எழுதிய முடிவு, ‘அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை’. தொந்தரவாக இருந்துவிடக் கூடாது என்றுதான் அவர் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்கிறார் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? மருமகள் வேலையிலிருந்து களைத்து வந்து இரண்டு தனித்தனிச் சமையல் செய்வதை அவர் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவதாக எனக்கும் ஒன்று செய் என்று அவர் எப்படிக் கேட்பார்? ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, பசியே இல்லை’ என்றுதான் சொல்வார். வயதானவர்கள் சொல்லும் ‘பசி இல்லை’யை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது பெரியவர்களோடு வளர்ந்த யாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். கேட்காமல் விட்டது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நாலு பிஸ்கட்டில் என்ன இருக்கிறது? மைதா, சர்க்கரை, பாமாயில். புரதம் 2 கிராமைத் தாண்டாது. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 40 கிராமுக்கு மேல் வரும். மதியம் அவர் குழைந்த சோறும் ரசமும்தான் சாப்பிட்டிருப்பார், பல் இல்லாதவருக்கு வேறென்ன இறங்கும்? இரண்டையும் கூட்டினால் தேவையில் பாதிகூடத் தேறாது. வயதான உடம்பில் தசை கரைவது இப்படித்தான். முதலில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றுவார்கள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அப்புறம் ஒரு நாள் குளியலறையில் விழுவார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகு பாலும் முட்டையும் கொண்டுபோய் நீட்டி என்ன பயன்?

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவர் கையைப் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கைவரை ஏறுகிறதா? ரவிக்கை தோளில் நிற்காமல் வழிகிறதா? அப்படியென்றால் இது நேற்று ஆரம்பித்தது இல்லை.

உங்களை மட்டும் திட்டிவிட்டு நிறுத்தினால் அது அநியாயம். அவர் யாரைப் பெற்ற அம்மா? தன் தட்டில் கினோவா வந்து விழுகிற அதே நேரத்தில், தன்னைப் பெற்றவள் பக்கத்தில் பிஸ்கட் நனைப்பதை உங்கள் வீட்டுக்காரர் தினமும் பார்க்கிறார். அவருக்கு அது உறுத்தவில்லையா? மாமியார் சாப்பாடு மருமகள் கவலை என்று நம் வீடுகளில் ஆண்கள் ஒதுங்கிக்கொள்வதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-ல் வந்த சட்டம்கூட உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்ற பொறுப்பைப் பெற்ற பிள்ளைகள் மேலும் பேரப்பிள்ளைகள் மேலும்தான் வைத்திருக்கிறது. மருமகள் என்று அதில் இல்லை. இந்தப் பத்தியை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். உங்கள் களைப்புக்குக் காரணம் வேலை மட்டும் இல்லை, ஒரே வீட்டில் இரண்டு தனித்தனிச் சமையல் செய்வது. என் வழி இதற்கு நேர் எதிர். வீட்டில் யாருக்கு மெல்ல முடியாதோ அவருக்கு ஏற்றபடி உலை வையுங்கள். அதையே எல்லோரும் சாப்பிடுங்கள். பல் இல்லாதவருக்கு இறங்கும் பருப்பும் கீரையும் கூட்டும் முட்டையும்தான் உங்கள் கணவரின் சர்க்கரைக்கும் வேண்டியவை.

எனக்கு மிகவும் பிடித்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாசிப்பருப்பு போட்ட கீரைக் கடைசல். 100 கிராம் பாசிப்பருப்பில் 24 கிராம் புரதம் இருக்கிறது, வயிற்றையும் உப்ப வைக்காது. பருப்பைக் கழுவி, மஞ்சள்தூள், ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி சேர்த்து வேகவிடுங்கள். பருப்பு மலர்ந்ததும் ஒரு கட்டு அரைக்கீரையோ சிறுகீரையோ பொடியாக நறுக்கிப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் வைத்தால் போதும், நிறம் மாறாது. அத்தைக்காகத் தண்டை எடுத்துவிடுங்கள், நார் தொண்டையில் நிற்கும். உப்பு போட்டு இறக்கி மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அரைக்காதீர்கள், பசைபோல் ஆகிவிடும். மத்தில் கடைந்தால் பருப்பு மசிந்து, கீரை இலை இலையாகத் தெரிந்தும் தெரியாமலும் நிற்கும். அதுதான் பதம். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் சீரகமும் ஒரு வற்றல் மிளகாயும் தாளித்துக் கொட்டிக் கடைசியில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கெடுக்கும். உங்கள் 14 வயது மகளுக்கு இது முக்கியம், வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்து குறையவே கூடாது. கீரையைக் காந்தி மார்க்கெட்டில் காலையிலேயே வாங்கி ஆய்ந்து வைத்துவிடலாம். ஆய்வது உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை, அத்தையே பேரனை வைத்துக்கொண்டு செய்வார். அவரைக் கேளுங்கள், சந்தோஷப்படுவார்.

முட்டை சாப்பிடுகிற வீடு என்றால் அதற்குத் தனியாக அடுப்பு வேண்டாம். இட்லி வேகும்போது ஒரு தட்டை முட்டைக்கு விடுங்கள். முட்டையில் பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகுத்தூள், உப்பு சேர்த்து அடித்து, எண்ணெய் தடவிய குழியில் ஊற்றி ஏழெட்டு நிமிடம் ஆவியில் வைத்தால் பஞ்சுபோல் வரும். ஈறாலேயே மென்றுவிடலாம். ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம், அந்த நாலு பிஸ்கட்டைவிட மூன்று மடங்கு. பிள்ளைகளும் இதைத் தட்டாமல் சாப்பிடுவார்கள். சைவ வீடு என்றால் முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர்.

அடுத்தது கூட்டு. சுரைக்காய், பீர்க்கங்காய், பரங்கிக்காய், புடலங்காய், எது மலிவோ அது. பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றினால் முடிந்தது. பீர்க்கங்காய்த் தோலைக் குப்பையில் போடாமல் உளுந்தோடு வதக்கித் துவையல் அரையுங்கள். உங்கள் கணவருக்கு இந்தக் கூட்டுதான் மருந்து. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தட்டில் பாதி காய்கறி, பழம், கீரையாக இருக்க வேண்டும் என்றும், அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து மொத்தக் கலோரியில் 45 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. நம் வீடுகளில் சோறு மலையாகவும் காய் தொட்டுக்கொள்ளவும் இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டு, கூட்டு இரண்டு கரண்டி, சோறு ஒரு கரண்டி என்று வையுங்கள். அதற்குக் கினோவா தேவையில்லை. அது நல்ல தானியம்தான், பெருவிலும் பொலிவியாவிலும் மலைநாட்டு மக்களின் அன்றாடச் சாப்பாடு. நமக்கு அந்த விலை கொடுக்க அவசியம் இல்லை.

கேழ்வரகு விஷயத்தில் பலரும் தவறு செய்கிறார்கள், கவனமாகக் கேளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. அரிசியில் அது 10-ஐக்கூடத் தொடாது. உங்கள் அத்தையின் எலும்புக்கு இது அவசியம். முந்தின ராத்திரி மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்கவிட்டு, காலையில் அரிசி நொய்யோடு காய்ச்சி, ஆறியதும் மோர் விட்டுக் கரைத்துக் கொடுங்கள். ஆனால் அதே கூழை உங்கள் கணவருக்கு ஊற்றாதீர்கள். நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால் சர்க்கரை மளமளவென்று ஏறும். சிறுதானியம் என்ற பெயரைப் பார்த்துச் செம்பு செம்பாகக் குடித்துவிட்டு, சர்க்கரை ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. அவருக்கு அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு இரண்டு அடை தட்டிக் கொடுங்கள், கூடவே வேர்க்கடலைச் சட்னி. ஒரே மாவுதான், கூடுதல் வேலை பத்து நிமிடம்.

சாயங்காலம் பிஸ்கட் டப்பா இருக்கிற இடத்தில் முளைகட்டிய பச்சைப்பயறு இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சுண்டல். ஒரு கைப்பிடியை மட்டும் குக்கரில் இன்னும் இரண்டு விசில் விட்டு மசித்து, தேங்காய்ப்பூ போட்டு அத்தைக்குக் கொடுங்கள். மறுநாள் மிச்சம் இருந்தால் அரைத்துத் தோசை மாவில் கலந்துவிடுங்கள்.

உங்கள் கணவரின் 6.1 பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 வந்தால் சர்க்கரை நோய். நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்த எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு அரை மணி நேரம் நடக்கட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை செய்யட்டும். ஸ்மூத்தி வேண்டாம், பழத்தைப் பழமாகவே கடித்துத் தின்னட்டும். அவருக்குப் பல் இருக்கிறது.

ராத்திரி ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். அப்பாயிக்கு முதலில் பரிமாறும் வேலையை உங்கள் மகனிடம் கொடுங்கள். ஒன்பது வயதில் பழகாததை இருபத்தொன்பதில் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. அத்தைக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பருப்பையும் முட்டையையும் கூட்டுங்கள். விழுங்கும்போது இருமலோ புரையோ அடிக்கடி வந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, பல் இல்லை என்று எழுதினீர்களே தவிர, பல் கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 73 வயதில் இனி எதற்கு என்று யாராவது சொன்னார்களா? செலவு பயமாக இருந்தால் உங்களுக்குப் பக்கத்தில் புதுக்கோட்டையிலேயே 2023-ல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வரும் வாரம் உங்கள் கணவர் ஒரு நாள் லீவு போட்டு அம்மாவைக் கூட்டிப் போகட்டும். அளவெடுக்க, பொருத்திப் பார்க்க என்று நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும். புதுப்பல் போட்டதும் ஈறு வலிக்கும், ‘எனக்கு இது வேண்டாம்’ என்று அவர் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார். நிறைய வீடுகளில் பல் செட் அங்கேயே கிடந்துவிடுகிறது. வலிக்கிற இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய மறுபடியும் கூட்டிப் போனால் பழகிவிடும். அந்தத் தடவையும் அவர் பெற்ற மகன்தான் போக வேண்டும்.